அலமாரிக்குள் சொன்ன ஆமா

நீங்கள் எப்போதாவது ஓர் 'ஆமா'வை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா?

காதால் கேட்பதைச் சொல்லவில்லை. கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். கணினித் திரையில் ஒலியலையாக விரித்தால் அது மீன் மாதிரி இருக்கும். முன்னால் கூரான மூக்கு, அது பேசுகிறவர் இழுக்கும் மூச்சு. நடுவில் உப்பிய வயிறு. பின்னால் மெலிந்துகொண்டே போகும் வால். மனதாரச் சொன்ன ஆமா கொழுத்திருக்கும். பேச்சை முடித்தால் போதும் என்று சொன்ன ஆமா கருவாடாகக் கிடக்கும். பார்த்த மாத்திரத்தில் இதையெல்லாம் சொல்லக்கூடிய ஆள் அந்த நகரத்தில் ஒருவன்தான் இருந்தான். அதற்காக யாரும் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகவில்லை. கத்திரி என்று கூப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

கத்திரிக்கு வேலை, 'அடடே அறிவியல்' என்ற பாட்காஸ்ட்டை வெட்டி ஒட்டுவது. காலையில் வேலைக்குப் போகும்போது காதில் செருகிக்கொண்டு, இறங்கும் இடம் வருவதற்குள் அண்டம், அணு, ஆமையின் ஆயுள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்று ஆசைப்படுகிற சாதாரண ஜனங்களுக்கானது அது. அந்தந்தத் துறையில் படித்தவர்கள் கேட்பதற்கில்லை. அவர்கள் கேட்டால் சண்டைக்கு வருவார்கள்.

அதை நடத்தியவரைக் குரலார் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அறிவியலுக்கு வருவதற்கு முன்னால் மெத்தை விளம்பரங்களுக்குப் பேசிக்கொண்டிருந்தவர். "உறங்குங்கள்" என்று அவர் சொன்னால் நின்றுகொண்டிருப்பவனுக்கும் கண் சொக்கும். அப்பேர்ப்பட்ட குரலைக் கொடுத்த பிறகு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

அவருடைய ஒலிப்பதிவுக் கூடம் ஊரில் பலர் நினைத்ததுபோல் கண்ணாடிச் சுவரும் சிவப்பு விளக்குமாக இருக்கவில்லை. அவர் வீட்டுப் படுக்கையறையில் சுவரோடு கட்டிய துணி அலமாரிதான் அது. இரண்டு பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம். தொங்கும் துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. துணிகள் குரலாரின் மனைவியுடையவை, கத்திரி அண்ணி என்று கூப்பிடுகிறவர். அண்ணிக்கு ஒரு நல்ல உடுப்பு வேண்டுமென்றால் கருந்துளையைப் பற்றிய பேச்சு முடிகிறவரை காத்திருக்க வேண்டும்.

"அண்டத்தை விட்டு எப்பங்க வெளிய வருவீங்க? எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு," என்று கதவைத் தட்டுவார். அந்தத் தட்டல்களையும் கத்திரிதான் வெட்டுவான்.

இதில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. விருந்தாளி எதிரே உட்கார்ந்துவிட்டால் குரலாருக்கு நாக்கு மடங்கிக்கொள்ளும். "அது வந்து... இந்தச் சூரியன் இருக்கே, சூரியன்... அது ஏன் அப்படி?" என்பார். விருந்தாளி பாவம், "எப்படி?" என்று திருப்பிக் கேட்பார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விருந்தாளி போன பிறகு குரலார் தனியாக அலமாரிக்குள் புகுந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அதே கேள்விகளை மகா மேதையைப்போல மறுபடி கேட்பார். பழைய கேள்விகளைத் தூக்கிவிட்டு இந்தப் புதியவற்றைக் கத்திரி பொருத்துவான்.

கேள்வி மாறினால் பதில் இடிக்கும் அல்லவா? அதற்குத்தான் அவன் சேமிப்பு. வந்துபோன அத்தனை நிபுணர்களின் 'ஆமா', 'கண்டிப்பா', 'சரியாச் சொன்னீங்க' எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்திருப்பான். இடிக்கிற இடத்தில் ஒன்றைச் செருகினால் குரலார் கேட்டதும் சரி, நிபுணர் சொன்னதும் சரி. 'அருமையான கேள்வி' என்று மட்டும் ஒரே ஒரு பல் மருத்துவர்தான் சொல்லியிருந்தார். அதுவும், "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று அண்ணி வெளியிலிருந்து கேட்டதற்கு. அந்த ஒன்றை வைத்து மூன்று எபிசோட்களை ஓட்டினான்.

ஒருவர்கூடப் புகார் சொன்னதில்லை. தன் குரலைத் தானே கேட்க யாருக்கும் பிடிக்காது. நிபுணர்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்காது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, தாங்கள் கேட்காமலே இருந்துவிடுவார்கள். 'அடடே அறிவியல்' அந்தக் கூச்சத்தின்மேல் கட்டிய கோட்டை.

அந்தக் கோட்டைக்குள் கத்திரி தன் சொந்த அக்காவையே அழைத்துவந்தான். கேடுகாலம் வேறெப்படி வரும்?

அக்கா பூச்சி ஆராய்ச்சிக்காரி. அதிலும் கரப்பான்பூச்சி. அதைக் கண்டால் மற்றவர்கள் செருப்பைத் தேடுவார்கள், அக்கா பேனாவைத் தேடுவாள். இரண்டு இருட்டு மூலைகளைக் கொடுத்தால் எல்லாம் ஏன் ஒரே மூலையில் போய்க் கூடுகின்றன, கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்துத் தனியாக வைத்தால் என்ன ஆகிறது என்பதையெல்லாம் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவள். தூரத்து ஊரில் இருந்த அம்மா, "மூத்தவ டாக்டர்" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லுவார். எதுக்கு டாக்டர் என்று யாராவது கேட்டுவிட்டால் அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே ஓடிவிடுவார்.

கத்திரி தங்கியிருந்தது அக்காவும் மாமாவும் இருந்த வீட்டின் பின்னறையில். அந்த நகரத்தில் அவன் நாள் முழுக்கக் கேட்டதெல்லாம் மனிதக் குரல்தான், ஆனால் அதில் ஒன்றும் அவனோடு பேசியதில்லை. சாப்பிட்டியா, ஏன் முகம் இப்படி இருக்கு, துணியை எடுத்து உள்ள போடு என்று அவனிடம் பேசுகிற ஒரே ஜீவன் அக்காதான். மாமாவும் பேசுவார், ஆனால் அவர் எல்லோரிடமும் பேசுவார். அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

எரிமலையைப் பற்றிப் பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "உங்க அக்கா ஏதோ பூச்சி டாக்டர்னு சொன்னியே, கூட்டிட்டு வா," என்றார் குரலார். கத்திரி சாப்பாட்டு மேசையில் மெதுவாக விஷயத்தைப் போட்டான்.

"வர மாட்டேன்," என்றாள் அக்கா.

"ஏங்க்கா? நாலு பேர் கேப்பாங்க."

"அதுதான் பயமே. நான் ஒண்ணு சொல்லுவேன், உங்காளு ஒண்ணு போடுவாரு."

"எடிட் பண்றவன் நான்தானே. நீ சொன்னது சொன்னபடி வரும்."

"ஒரு வார்த்தை கூடக் கூடாது, ஒரு வார்த்தை குறையக் கூடாது."

"சத்தியமா."

"எதுமேல?"

"உன்மேல."

"என்மேல வேணாம்டா. நான் போயிட்டேன்னா பூச்சிக்கு யாரு தண்ணி வைப்பா? உன் ஹெட்போன் மேல பண்ணு."

அவன் கழுத்தில் கிடந்த ஹெட்போனைத் தொட்டுச் சத்தியம் செய்தான். கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு, "மாறிச்சுன்னா எங்கிட்ட பேசவே பேசாத," என்றும் சேர்த்துக்கொண்டான்.

"சொன்னது ஞாபகம் இருக்கட்டும்," என்றாள் அக்கா. "எனக்கு இருக்கும்."

ஒலிப்பதிவு அன்று அக்கா அலமாரிக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். தலைக்குமேல் அண்ணியின் நீலக் கோட்டு ஆடிக்கொண்டிருந்தது. எதிரே குரலார். கத்திரி வெளியே கட்டில்மேல், மடியில் கணினியோடு.

"டாக்டர்... இந்தக் கரப்பான்பூச்சி... அது வந்து... எதுக்கு இருக்கு?"

"எதுக்குன்னா?"

"இல்ல, பொதுவா."

"நீங்க எதுக்கு இருக்கீங்க, பொதுவா?"

கத்திரி தலையணையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டான்.

"அணுகுண்டு போட்டாக்கூடச் சாகாதாமே?"

"நான் போட்டுப் பாத்ததில்ல."

குரலார் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். கத்திரி எழுதிக் கொடுத்த கேள்வி அதில் இருந்தது. "கூட்டத்துலேர்ந்து ஒண்ணைப் பிரிச்சுத் தனியா வச்சா என்ன ஆகும் டாக்டர்?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நல்லா வளர்ந்துட்டு இருந்தது தனியா வந்ததும் மாறுது. நடக்கறது மாறுது, தீனி எடுக்கறது மாறுது. எங்க டப்பாவுல நாங்க பாத்தது அதுதான். ஏன்னு தெரியல."

"தெரியலையா?"

"தெரிஞ்சா நான் ஏங்க தினம் போய் எண்ணிட்டு இருக்கேன்?"

"சோகம்னு வச்சுக்கலாமா?"

"வச்சுக்கக் கூடாது. சோகம் நம்மளோட வார்த்தை. அதுக்கிட்ட கேக்காம அதுமேல ஒட்டக் கூடாது."

"ஏக்கம்?"

"அதுவும் நம்மளோடதுதான்."

"வீட்டு நினைப்பு?"

"சார், அகராதிய வீட்லேயே மனப்பாடம் பண்ணிட்டு வந்தீங்களா?"

குரலாருக்கு வேர்த்துக் கொட்டியது. அறிவியல் போதும் என்று முடிவுகட்டி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "உள்ள ரொம்பப் புழுக்கமா இருக்கோ?" என்றார்.

"ஆமா. நிச்சயமா. அதுல என்ன சந்தேகம்?"

கத்திரி திரையைப் பார்த்தான். அப்படி ஒரு கொழுத்த மீனை அவன் தொழிலில் கண்டதே இல்லை.

அக்கா போன பிறகு குரலார் கட்டிலில் மல்லாந்து விழுந்தார்.

"தெரியல, தெரியல, தெரியல! காலங்காத்தால வேலைக்குப் போறவன் இதையா கேப்பான்? அவனுக்குத் தெரியாதது வீட்லயே மூட்டை மூட்டையா இருக்குப்பா."

"நேர்மையா இருந்துச்சுண்ணே."

"நேர்மையை யாருடா காதுல மாட்டுவான்?"

கொஞ்ச நேரத்தில் தெம்பு வந்து, தனியாக அலமாரிக்குள் போனார். கதவுக்குள்ளிருந்து அந்த மெத்தைக் குரல் புறப்பட்டது. "வீட்டை விட்டு வெகு தூரத்துல... ஒரு மூலையில... தனியாக் கிடக்கற ஒரு கரப்பான்பூச்சி. அதுவும் நம்மளைப் போலவே வீட்டை நினைச்சு ஏங்குது. இல்லையா, டாக்டர்?"

வெளியே வந்தபோது அவருக்கே கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, அவ அப்படிச் சொல்லலியே."

"அவங்க எங்க சொன்னாங்க? நான் சொல்றேன். அவங்க ஓர் ஆமா போட்டாப் போதும்."

"போட மாட்டா."

"போட்டாங்களேப்பா, புழுக்கத்துக்கு!"

"அண்ணே, அது எங்க அக்கா."

"போன தடவை வந்த இதய டாக்டரும் யாருக்காவது அக்காதான். அப்ப உனக்குக் கை நடுங்கலையே?"

நடுங்கவில்லைதான். அந்த அம்மாள் 'கண்டிப்பா' என்று சொன்னது டீ வேண்டுமா என்பதற்கு.

சும்மா பொருந்துகிறதா என்று மட்டும் பார்ப்போமே என்று உட்கார்ந்தான். குடிக்கிறவன் சும்மா மோந்து மட்டும் பார்க்கிறேன் என்பது மாதிரி. ஆமாவுக்கு அடியில் உடுப்பு மாட்டும் கம்பி 'டிங்' என்றது, அதை நோகாமல் உருவினான். குரலாரின் 'டாக்டர்' முடிந்ததும் பதில் சட்டென்று வந்தது, அக்கா அந்தக் கேள்வியை மனதில் வாங்கியதுபோல நடுவில் கொஞ்சம் மௌனம் வைத்தான். பூச்சியைப் பற்றிப் பேசும்போது அவள் இழுத்த ஒரு நீண்ட மூச்சைத் தேடி எடுத்து முன்னால் ஒட்டினான். ஓடவிட்டுக் கேட்டான். மறுபடியும் ஓடவிட்டான். உலகத்தில் எந்த மூலையிலோ தனியாகக் கிடக்கும் எல்லோருக்காகவும் அவன் அக்கா பேசினாள். ஆமா. நிச்சயமா. அதுல என்ன சந்தேகம். அக்காவுக்குச் செய்த சத்தியம் அந்த நேரத்தில் எங்கே போயிருந்தது என்று கேட்டால், எங்கேயும் போகவில்லை, இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு அங்கேயேதான் இருந்தது.

எபிசோட் வெளிவர இன்னும் நாள் இருந்தது. அதற்குள் எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டான். திருடியதைத் திருப்பி வைக்க எல்லோரும் போடுகிற திட்டம்தான். ஆனால் எபிசோடுக்கு முந்தின நாள் காலை அவன் டீ குடிக்கப் போன நேரம், திறந்து கிடந்த கணினியிலிருந்து குரலார் அந்தத் துண்டை மட்டும் எடுத்து டிரெய்லர் என்று தன் போனிலிருந்து ஊருக்கே அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் கத்திரி வீட்டுக்குள் நுழைந்தபோது மாமா கூடத்தில் இருந்தார். அவனைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். பிறகு கழுத்தில் விரலை வைத்து ஓர் இழுப்பு இழுத்துக் காட்டினார்.

அக்கா மேசையில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். அது இன்னும் மோசம்.

"இன்னைக்கு ஆபீஸ்ல என்ன ஆச்சு தெரியுமா?" என்றாள், மாமாவிடம் சொல்வதுபோல. "தனியா வச்சிருந்த பூச்சி டப்பா மேல யாரோ சீட்டு ஒட்டியிருக்காங்க. 'அம்மா, என்னை வந்து கூட்டிட்டுப் போ'ன்னு. இன்னொருத்தர் என் மேசையில கைக்குட்டை வச்சுட்டுப் போயிருக்காரு. பூச்சிக்குக் கண்ணைத் துடைக்கவாம்."

மாமாவின் தோள்கள் குலுங்கின. அக்கா ஒரு பார்வை பார்த்தாள். அவர் தட்டைக் கவனிக்கத் தொடங்கினார்.

கத்திரி வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. அம்மா. அக்கா கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"கேட்டேன்டி! எதிர் வீட்டுக்காரி கொண்டாந்து போட்டுக் காட்டினா. அவ அழுதே போயிட்டா. கரப்பான்பூச்சிக்குக்கூட வீட்டு ஞாபகம் வருதாமே? நீயே சொல்லிட்டே, நிச்சயமாம். உங்க ரெண்டு பேருக்கும் எப்ப வரும்?"

"அம்மா, அது வந்து..."

"ஆறு கால் இருக்கறதுக்கு இருக்கற பாசம் ரெண்டு கால் இருக்கறதுகளுக்கு இல்ல. அவன் எங்க, உன் தம்பி? அவனும் ஒரு மூலையிலதான் கெடக்கறான். அவனுக்கு மீசை மட்டும்தான் நீளமா இல்ல."

மாமா எழுந்து, தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "என் பொண்ணு கரப்பான்பூச்சியப் பத்திப் படிச்சிருக்கான்னு இன்னைக்குத்தான்டி வாயைத் திறந்து சொன்னேன். எதிர் வீட்டுக்காரி அசந்துட்டா. இத்தனை நாள் நான்தான் ஒளிச்சு வச்சுட்டேன். சரி, சாப்பிடு."

"சரிம்மா," என்றாள் அக்கா. போனை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, தம்பியின் எதிரே உட்கார்ந்தாள்.

"அதை நான் எங்கடா சொன்னேன்?"

பொய் சொல்லிப் பார்க்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் எதிரே இருப்பவள் பூச்சி மீசையை அசைப்பதையே எண்ணுகிறவள்.

"உள்ள புழுக்கமா இருக்கான்னு கேட்டப்ப."

உள்ளேயிருந்து மாமா சிரித்தது கேட்டது. உடனே தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சிரிப்பை மறைத்தார்.

"நான் நிச்சயமான்னு சொல்ற ஆளா? கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டப்பவே பாக்கலாம்னுதான் சொன்னேன்."

"இன்னைக்கு வரைக்கும் பாத்துக்கிட்டுதான் இருக்கா," என்றார் மாமா, குழாயை மூடிவிட்டு.

அக்கா சிரிக்கவில்லை. "ஆபீஸ்ல கேலி பண்ணதை விடு. அவங்க எப்பவும் பண்ணுவாங்க. அம்மா இத்தனை வருஷத்துல இப்பத்தான் என் வேலையப் பத்தி எங்கிட்ட பேசியிருக்காங்க. அதுவும் நான் சொல்லாத ஒண்ணை வச்சு. இனிமே நான் போன் பண்ணி, அது பொய்ம்மான்னு சொல்லணும். எப்படிச் சொல்றது? அதையும் நீயே வெட்டி ஒட்டிக் குடுத்துடறியா?"

"நாளைக்கு வர்ற எபிசோட்ல அது இருக்காதுக்கா."

"நீதானே சொன்னே, மாறிச்சுன்னா எங்கிட்ட பேசாதன்னு."

"அக்கா..."

"பேசாத."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பேசாமல் இருப்பது என்றால் என்னவென்று கத்திரிக்குத் தெரியும். அவன் பிழைப்பே அதில்தான். ஆனால் திரையில் ஒரு கோடாகத் தெரிகிற மௌனம் வேறு, கதவுக்கு அந்தப் பக்கம் தட்டு கழுவுகிற மௌனம் வேறு.

சட்டையைக்கூட மாற்றாமல் குரலார் வீட்டுக்குப் போனான். அங்கே திருவிழாக் களை. குரலார் போனை வைத்துக்கொண்டு அண்ணிக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"வா வா கத்திரி! இதைக் கேளு. 'வேலைக்காக வீட்டைப் பிரிஞ்சு வந்தவன் நான். இன்றைக்குத்தான் உணர்ந்தேன், நானும் ஒரு கரப்பான்பூச்சி.' எவ்வளவு ஆழம் பாத்தியா?"

"உணர்றதுக்கு எவ்வளவோ இருக்கே, பாவம்," என்றார் அண்ணி. அவர் அலமாரியின் முன் நின்று, நீண்ட நாளுக்குப் பிறகு கிடைத்த தன் உடுப்புகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் நிபுணர்களின் வியர்வை வாடை.

"அண்ணே, அந்த ஆமாவை எடுக்கணும்."

"எதை?"

"அக்கா சொல்லாததை."

குரலார் போனைக் கீழே வைத்தார். "தம்பி, அதைக் கேக்கத்தான் நாளைக்கு ஊரே காத்திட்டு இருக்கு. அதை எடுத்துட்டா என்ன மிஞ்சும்? என் கேள்வி மட்டும் அந்தரத்துல தொங்கும்."

"பழைய கேள்விய வச்சுடலாம்ணே."

"எந்தப் பழைய கேள்வி?"

"அன்னைக்கு நேர்ல கேட்டது."

குரலாரின் முகம் வெளுத்தது. "எது... 'எதுக்கு இருக்கு, பொதுவா'வா? அதையெல்லாம் அழிக்கலையா நீ?"

"நான் எதையும் அழிக்கறதில்லண்ணே."

"என்னது, என்னது?" என்று அண்ணி கோட்டோடு திரும்பினார். "எதுக்கு இருக்கா? இவரா கேட்டாரு? எங்க, போடேன், நானும் கேக்கறேன்."

"நீ சும்மா இரு," என்றார் குரலார். அது மெத்தைக் குரல் இல்லை. ஒரு சாதாரண மனிதனின், கொஞ்சம் கீச்சென்ற, பயந்த குரல். இத்தனை காலத்தில் கத்திரி அதை இப்போதுதான் கேட்டான். "இதைப் பாரு. இவ்வளவு நாள் நான் அறிவாளின்னு நாலு பேர் நம்பிட்டு இருக்காங்க. உங்க அக்கா மானம் போகக் கூடாது, என் மானம் போகலாமா? அதை மட்டும் நீ வச்சே, நாளைக்கு உனக்கு இங்க வேலை இல்ல."

நியாயமான கேள்விதான். யார் மானத்தை யார் மானத்தின்மேல் ஒட்டுவது என்பதுதான் இத்தனை நாளும் அவன் பார்த்த வேலை. அவன் படியிறங்கினான். எபிசோடை ஏற்றும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று குரலாருக்குத் தெரியாது. அண்டம் விரிந்துகொண்டே போவது மட்டும் தெரியும்.

பின்னறையில் கணினியைத் திறந்து வைத்தான். கடைத்தெருச் சத்தம் இன்னும் அடங்கவில்லை. அன்றைய பதிவை முதலிலிருந்து எடுத்து அப்படியே நீட்டிவைத்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

அவன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. குரலார் 'அது வந்து' என்றபோதெல்லாம் விரல் தானாகத் துடித்தது. அக்கா ஓர் இடத்தில் தும்மினாள். ஓர் இடத்தில் அண்ணி கதவைத் தட்டினார். கம்பி 'டிங்' என்றது. ஒரு தெரியலைக்கும் அடுத்த தெரியலைக்கும் நடுவே இரண்டு பேர் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும். தொழில் தெரிந்த எவனும் இதை வெளியே விடமாட்டான். அவ்வளவு அசிங்கம். ஆனால் பூச்சியைப் பற்றிச் சொல்லும்போது அக்காவின் குரல் எப்படி மாறுகிறது என்பதை அன்றுதான் கவனித்தான். தெரியல என்று சொல்கிற இடத்தில்தான் அவள் குரல் அதிகமாக உற்சாகப்பட்டது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டும் அவன் அவளிடம் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

கொழுத்த அந்த ஆமா, புழுக்கத்துக்குப் பின்னால், அதன் சொந்த இடத்தில் போய் உட்கார்ந்தது.

மாமா கதவை லேசாகத் தள்ளி எட்டிப் பார்த்தார். "அவ கேட்டுட்டு வரச் சொன்னா." உடனே திருத்திக்கொண்டார். "இல்ல, அவ ஒண்ணும் சொல்லல. நானாத்தான் கேக்கறேன். என்ன பண்றே?"

"ஒண்ணும் பண்ணல மாமா. ஒண்ணுமே பண்ணாம வச்சுட்டு இருக்கேன். ரொம்பக் கஷ்டமா இருக்கு."

"வேலை போயிடுமா?"

"போயிடும்."

"அவகிட்ட சொல்லட்டா?"

"வேணாம். சொன்னா அதையும் அவளுக்காகப் பண்ணேன்னு ஆயிடும்."

"அவளுக்காகத்தானே பண்றே?"

"ஆமா," என்றான் கத்திரி.

மாமா தலையாட்டிக்கொண்டே கதவைச் சாத்தினார். கத்திரி பொத்தானை அழுத்தினான்.

மறுநாள் காலை எபிசோட் வெளியானது. ஜனங்கள் வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் குரலார் யாரையோ பிடித்து அதை எடுத்துவிட்டார். டிரெய்லர் மட்டும் அப்படியே இருந்தது, அன்றும் நிறையப் பேர் கேட்டார்கள். கத்திரிக்கு வேலை போயிற்று. அக்கா அம்மாவுக்குப் போன் செய்து, தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றாள். அம்மா நம்பவில்லை. அப்புறம் அக்கா மேசைக்கு வந்து உட்கார்ந்து, தம்பியிடம் உப்பை இந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னாள். அவன் நகர்த்தினான்.